பழகிய மணல்

மின்மானியின் ஊசி இடப்பக்கம் சாயவேண்டிய இடத்தில் வலப்பக்கம் சாய்ந்தது. அதனால் இன்ஷிராவுக்கு வேலை நிரந்தரமாகிவிடும் என்று கனிமணல் ஆய்வு நிலையத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஆய்வு நிலையம் என்பது திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய களஞ்சியக் கட்டடம். கூரையைத் திருத்தி, நடுவில் பலகைச் சுவர் வைத்து, வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். உப்புக் காற்று கருவிகளின் திருகாணிகளைத் தின்றுகொண்டே இருந்தது. இன்ஷிரா அங்கே தற்காலிக ஆய்வு உதவியாளர். மார்கழியில் வேலை முடியும். தையிலோ மாசியிலோ மறுபடி கூப்பிடுவார்கள். இடையில் குறிஞ்சாக்கேணியில், வீட்டில், தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து நல்ல புள்ளிகளோடு தேறியவள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கலியாணப் பேச்சு வந்த இடங்களிலும் பெண் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் வேலை நிரந்தரமா என்றே கேட்டார்கள்.

நிலையத்தின் ஆய்வுப் பொருள் இல்மனைற். வடக்கே திரியாயையும் தாண்டிப் போகும் கரையில் கறுப்பாகக் கிடக்கிற மணல். இரும்பு, டைட்டேனியம், ஒட்சிசன் மூன்றும் கூடிய ஒட்சைட்டு அது. ஒரு மணியை எடுத்து உள்ளே பார்க்க முடிந்தால் ஒட்சிசன் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பது தெரியும். தட்டுகளுக்கு இடையில் உள்ள குழிகளில் மூன்றுக்கு இரண்டில் உலோகம் உட்கார்ந்திருக்கும், மற்றது காலி. ஓர் இடைவெளி முழுக்க இரும்பு என்றால் அடுத்தது முழுக்க டைட்டேனியம், அதற்கடுத்தது மறுபடி இரும்பு. வரிசை மாறி உட்காருவதில்லை. இந்த ஒழுங்கில் இருக்கும்வரை அது ஒரு குறைகடத்தி. செம்பைப்போல் மின்னை ஓடவிடாது. கண்ணாடியைப்போல் மறித்துவிடவும் மாட்டாது. சூடேற்றினால் கொஞ்சம் தாராளமாக விடும்.

அதற்குள் மின்னைச் சுமப்பவை துளைகள். இலத்திரன் இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லாததைத் துளை என்கிறார்கள். நிலையத்தின் பணிப்பாளர் கனகரத்தினம், வருகிற விருந்தினர்களுக்கு இதைப் பஸ்ஸை வைத்துத்தான் விளக்குவார். "பஸ்ஸில ஒரு சீற் காலி எண்டு வையுங்கோ. பின்னால இருக்கிறவன் எழும்பி அதில இருப்பான். அவன்ர சீற்றில அவனுக்குப் பின்னால இருக்கிறவன். ஆக்கள் முன்னுக்குப் போக, காலிச் சீற் பின்னுக்குப் போகுது. அதுதான் துளை." விருந்தினர்கள் சிரிப்பார்கள். இன்ஷிரா தேநீர்க் கோப்பைகளை எடுப்பாள்.

துளையா இலத்திரனா என்று பார்க்கும் சோதனை மிக எளிது. மணலை அரைத்து, அழுத்தி, வில்லை செய்யவேண்டும். வில்லையின் இரு முனைகளிலும் இரண்டு கம்பி. ஒரு கம்பியை ஈயம் பற்றவைக்கும் கோலால் சூடாக்கவேண்டும். மின்மானி ஊசி இடப்பக்கம் சாய்ந்தால் துளை. வலப்பக்கம் சாய்ந்தால் இலத்திரன். திரியாய் மணலில் இன்ஷிரா செய்த வில்லைகளில் ஊசி வலப்பக்கம் சாய்ந்தது. கம்பிகளை மாற்றிப் பார்த்தாள். மின்மானியை மாற்றிப் பார்த்தாள். கொழும்புக்கு அனுப்பி எக்ஸ் கதிரில் பார்த்தபோது இல்மனைற்றின் கோடுகளுக்குப் பக்கத்தில் ஹேமடைற் என்ற இரும்பு ஒட்சைட்டின் கோடுகளும் மெல்லியதாகத் தெரிந்தன. "இயற்கை மணல் எண்டால் அது இருக்கும்தான்," என்றார் கனகரத்தினம். அவர் சொன்னதில் பிழையில்லை. இயற்கை மணலில் அது இருக்கும்தான்.

கட்டுரை வெளியானது. முதற்பெயர் இன்ஷிரா, கடைசிப்பெயர் கனகரத்தினம். எந்தக் கலப்பும் செய்யாமல், கரையில் கிடக்கிறபடியே இலத்திரனால் மின் கடத்தும் இல்மனைற் திருகோணமலைக் கரையில் இருக்கிறது என்பது அதன் சாரம். வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பனி அதை வாசித்துவிட்டுக் கடிதம் போட்டது. மலிவான மணல், மலிவான வில்லை. ஆட்கள் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஒப்பந்தம் வந்தால் நிரந்தரப் பதவி ஒன்று உருவாகும், அது உமக்குத்தான் என்று கனகரத்தினம் இன்ஷிராவிடம் சொன்னார். சொல்லும்போது தொழில்நுட்ப உதவியாளன் கஜீபனும் பக்கத்தில் நின்றான். "மிஸ், பார்ட்டி எப்ப?" என்று கேட்டான்.

அந்த மணலைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவளுடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், கலீலுர் றஹ்மான்.

பெற்றோலுக்கு ஆட்கள் வரிசையில் படுத்துக் கிடந்த வருடம் அது. நிலையத்தின் வாகனம் ஓடவில்லை. கலீலுர் றஹ்மான் நகரக் கடற்கரையில் தள்ளுவண்டியில் தாச்சிச் சட்டி வைத்து, சுடுமணலில் கச்சான், அதாவது நிலக்கடலை, வறுத்து விற்பவர். கச்சான்காரர்களுக்குக் கறுப்பு மணல்தான் வேண்டும். வெள்ளை மணலில் சூடு நிற்காது. மாரி முடிந்து கடல் கரையை அரித்துக் கறுப்புக் கோடு போட்டிருக்கும்போது அவர் திரியாய்ப் பக்கம் போய் ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு வருவார். "காக்கா, எனக்கும் ஒரு சாக்கு கொண்டு வாங்க, ஆராய்ச்சிக்கு," என்று இன்ஷிரா கேட்டிருந்தாள். அவர் கொண்டுவந்து கொடுத்தார். கழுவி, அரித்து, கண்ணாடிபோல மினுங்கிய மணல். இவ்வளவு சுத்தமாக அள்ளியிருக்கிறாரே என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷத்தை முடித்துவைத்தவள் காக்காவின் பெஞ்சாதி ஜெஸீமா. கம்பனி ஆட்கள் வருவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை. குசினி வாசலில் இருந்து ஜெஸீமா சுளகில் கச்சான் தோல் புடைத்துக்கொண்டிருந்தாள். இன்ஷிரா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

"கருகலா இரிக்கே மச்சி."

"கருகாம என்ன செய்யும்? நல்ல மணல நீ கொண்டுபோய் ஆராய்ச்சி பண்ணிட்டா?"

"எந்த மணல்?"

"எந்த மணலா? உங்கட காக்காட தாச்சி மணல். வருசக்கணக்கா வறுத்துப் பழகின மணல். தாச்சில கைய வெச்சா எனக்கே அடி விழும், அப்பிடிப் பாத்தாரு. தங்கச்சி கேட்டாவாம், அள்ளிக் குடுத்திட்டாரு. ரெண்டு வருசமாகிது, புது மணல் இன்னும் பழகல்ல. வாங்கிற சனம் எல்லாம் என்ன றஹ்மான் கைப்பக்குவம் போயிட்டே எண்டு கேக்குது."

இன்ஷிரா வாயில் இருந்ததை விழுங்கவில்லை. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

கலீலுர் றஹ்மான் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தபடி சிரித்தார்.

"ஓம் புள்ள. அந்த நேரம் போனா கறுப்புக் கோட்டையே காணல்ல. கடல் வெள்ள மணலப் போட்டு மூடிட்டு. பெற்றோலும் அரப் போத்தல். வெறுங்கையோட வந்தா நீ என்ன செய்வா?"

"அப்ப ஏன் காக்கா சொல்லல்ல?"

"சொல்லி? அதும் அங்கத்த மணல்தானே. நான்தானே அள்ளினன். பச்ச மணலக் குடுத்தா உப்பும் சிப்பியும் கிடக்கும். இது அரிச்சு, பொறுக்கி, நெருப்பில காஞ்சு, ஒரு குத்தம் இல்லாத மணல். நல்லதக் குடுப்பம் எண்டுதான் குடுத்தன்." பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், மணல் சரியில்லையா?" என்றார்.

கச்சான்காரர்கள் புது மணலை நம்புவதில்லை. முதல் ஈடுகளில் தோல் வெடிக்கும், வாசம் பிடிக்காது. மாதக்கணக்கில் வறுத்து, கச்சானின் எண்ணெய் ஊறி, அது எரிந்து, மறுபடி ஊறி, அப்படித்தான் மணல் பழகும். பழகின மணலை ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதில்லை. கலீலுர் றஹ்மான் கொடுத்தார். கேட்டது தங்கச்சி.

அவருக்கு அவள் எதையும் விளக்கவில்லை. எதைச் சொல்வது? தாச்சியின் அடி சிவக்கும்வரை விறகு எரிகிறது. காற்றிலிருந்து ஒட்சிசன் மணிக்குள் போகிறது. இரும்பு தன் இலத்திரன் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டு வேறு இரும்பாகிறது. பிறகு அதற்குத் தன் வரிசையில் இருக்க முடிவதில்லை. தட்டுகள் குலைகின்றன. குலைந்த இடத்தில் ஹேமடைற் முளைக்கிறது. துளைகள் ஓடிய மணலில் இலத்திரன் ஓடத் தொடங்குகிறது. கரையில் இருக்கும் மணலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் கண்டுபிடித்தது காக்காவின் அடுப்பை.

ஆனாலும் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. நிலாவெளி வழியாகப் போகும் பஸ் ஏறித் திரியாய்க்குப் போனாள். கரையில் கறுப்புக் கோடு தெளிவாகக் கிடந்தது. ஒரு பை அள்ளினாள். கரைவலைக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, வீடு கட்டவோ?" என்று கேட்டார். "இல்ல, இடிக்க," என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அந்த மணலில் செய்த வில்லைகள் எல்லாவற்றிலும் ஊசி இடப்பக்கம் சாய்ந்தது.

கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீர் இதை வேற ஆருக்கும் சொன்னீரோ?"

"இல்ல சேர்."

"உம்மட அண்ணர் எவ்வளவு மணல் தந்தவர்?"

"அரைச் சாக்கு மிச்சம் இரிக்கு சேர்."

"அது போதும். வாற ஆக்களுக்கு அதில காட்டலாம்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிள்ளை, மணல் திரியாய் மணல்தானே. வறுத்தால் ஊர் மாறிடுமோ? முதல்ல ஒப்பந்தம் வரட்டும். பிறகு ஆறுதலாத் திருத்துவம். உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன். கட்டுரையில முதற்பேர் என்ர இல்லை."

அந்தக் கடைசி வசனத்தை அவர் அன்பாகத்தான் சொன்னார். அவள் பஸ்ஸில் வரும்போது கிண்ணியாப் பாலம்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பேசாமல் இருந்தால் நிரந்தரப் பதவியின் கதிரை கிடைக்கும். கதிரை கிடைத்த பிறகு அந்தக் கம்பனி கப்பலில் ஏற்றிப்போகும் மணலில் ஒவ்வொரு தொன்னிலும் ஊசி இடப்பக்கம் சாயும். அப்போது யாரைக் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பயம்தான் அவளைப் பேசவைத்தது என்று பிறகு கனகரத்தினம் சொன்னார். அதை அவளால் முழுதாக மறுக்கமுடியவில்லை. பயமும் இருந்தது. ஆனால் பயம் மட்டும் இருந்திருந்தால் கம்பனி ஆட்கள் வந்த காலை அவள் சுகமில்லை என்று சொல்லி வீட்டில் இருந்திருப்பாள்.

கம்பனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு சீனப் பெண், ஒரு கொழும்புக்காரர். கஜீபன் வில்லையைப் பொருத்தினான். ஊசி வலப்பக்கம் சாய்ந்தது. கனகரத்தினம் பஸ் கதையைச் சொல்லி முடித்து, சிரிப்பு அடங்கியதும், இன்ஷிரா ஆங்கிலத்தில் சொன்னாள்: இது கரையில் கிடந்தபடி எடுத்த மணல் இல்லை, கச்சான் வறுத்த மணல், கரை மணல் இப்படி நடந்துகொள்ளாது, கட்டுரை பிழை.

அந்தப் பெண் குனிந்து வில்லையைப் பார்த்தாள். எத்தனை பாகை வெப்பம், எவ்வளவு காலம், விறகா, வாயுவா என்று கேட்டாள். இன்ஷிரா தெரிந்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை. அது இன்ஷிராவுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. கம்பனிக்குக் கரை முக்கியமில்லை, வில்லைதான் முக்கியம் என்பது விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. விறகு அடுப்பில் ஒரு தாச்சியால் செய்யமுடிகிறது என்றால் அது இன்னும் மலிவு.

கனகரத்தினத்துக்கு அது அவளுக்கு முன்னமே விளங்கிவிட்டது. "உண்மையில், வெப்பப் பதப்படுத்தல் முறை பற்றி எங்கள் நிலையம் சில காலமாக யோசித்து வருகிறது," என்று அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். நன்றாகப் பேசினார். தட்டுகள், இரும்பின் இடப்பெயர்வு, ஒட்சிசன், எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துவைத்தார். முந்தாநாள் அவருடைய அறையில் நின்று அவள் சொன்ன அதே ஒழுங்கு. கொழும்புக்காரர் தலையாட்டினார். தேநீர் வந்தது. கோப்பைகளை யார் எடுப்பது என்று ஒருகணம் யோசித்துவிட்டு இன்ஷிராவே எடுத்தாள்.

ஒப்பந்தம் வந்தது. அதற்கு முன்னால் கட்டுரையை மீளப்பெற வேண்டியிருந்தது. மூல மாதிரியைச் சேகரித்ததில் முதல் ஆசிரியரின் கவனயீனம் என்று மீளப்பெறும் குறிப்பில் இருந்தது. குறிப்பை எழுதியவர் கனகரத்தினம். அதில் பொய் என்று விரல் வைக்க ஓர் இடமும் இல்லை. நிரந்தரப் பதவிக்கு நேர்முகத்தேர்வு நடந்தபோது, மீளப்பெற்ற கட்டுரை உள்ளவரை எடுப்பதற்கு விதியில் இடமில்லை என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். அந்த இடத்துக்குக் கஜீபன் வந்தான். மார்கழியில் அவளுடைய வேலை முடிந்தது. தையில் கூப்பிடவில்லை. மாசியிலும் இல்லை.

வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. ஜெஸீமா மட்டும் ஒருதடவை, "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமே புள்ள," என்றாள். திட்டும் குரல் அல்ல. கறிக்கு உப்புக் கூடிப்போனதைச் சொல்லும் குரல். கலீலுர் றஹ்மானுக்கு விசயம் அரைகுறையாகத்தான் தெரியும். மணலில் ஏதோ குறை, அதனால் தங்கச்சிக்கு வேலை போனது என்று அவர் எடுத்துக்கொண்டார். "குத்தமில்லாத மணல் எண்டு நினைச்சேனே," என்று கச்சானைக் கிளறிக்கொண்டே தனக்குள் சொல்லுவார். உங்கள் மணலால்தான் அவர்களுக்கு ஒப்பந்தம் கிடைத்தது என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவாரா, உடைந்துபோவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் சொல்லாமலே விட்டாள். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் வராத நாட்களில் கடற்கரைக்குப் போய்க் காக்காவுக்குக் கச்சான் சுற்றக் கடதாசி கிழித்துக் கொடுத்தாள்.

கஜீபன் வந்ததும் அப்படி ஒரு நாளில்தான். நிலையத்தின் பெயர் எழுதிய முச்சக்கரவண்டியை மதிலோரம் நிறுத்திவிட்டு வந்தான்.

"மிஸ், சுகமா?"

"இரிக்கிறன்."

"ஒரு பிரச்சினை மிஸ். மின் உலையில எத்தனை தரம் சூடாக்கினாலும் அது வருகுதில்லை. ஒண்டில் முழுக்க ஹேமடைற் ஆகுது, இல்லாட்டி ஒண்டும் ஆகுதில்லை. ஊசி ஒரு நாள் அங்கால, ஒரு நாள் இங்கால. சேர் சொன்னவர், பழைய தாச்சி மணல் முடிஞ்சுது, இப்ப வறுக்கிற மணலையாவது..." அவன் காக்காவின் பக்கம் திரும்பினான். "ஒரு சாக்கு தந்தீங்கள் எண்டால் பெரிய உதவி அண்ணை."

அந்த மணலுக்கு எண்ணெய் வேண்டும், அது எரிந்து கரியாகி ஒட்சிசனைக் கொஞ்சம் மறிக்க வேண்டும், பிறகு விட வேண்டும் என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. நிலையத்தில் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் அதைச் செய்து காட்டியிருப்பாள். கடதாசியைக் கிழித்துக்கொண்டு இருந்தாள்.

கலீலுர் றஹ்மான் தாச்சியைப் பார்த்தார். புது மணல் இப்போதுதான் பழகத் தொடங்கியிருந்தது. போன மாதம்தான் ஒரு பழைய வாடிக்கைக்காரர் திரும்பி வந்து, "ஆ, இப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"காக்கா, குடுக்காதீங்க," என்றாள் இன்ஷிரா.

அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "தம்பி, முந்திக் குடுத்த மணல்ல என்ன குறை கண்டீங்க?"

"குறையா? அதுதான் அண்ணை நல்ல மணல். அதால தானே எல்லாம் வந்தது. மிஸ் சொல்லேல்லையோ?"

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவர் அகப்பையைத் தாச்சியின் ஓரத்தில் தட்டிவிட்டு வைத்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். பிறகு அடுப்பை அணைத்தார்.

கோபித்துக்கொண்டார், கொடுக்கமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் தன் கச்சான் வண்டிக்கு அடியில் இருந்து சாக்கை எடுத்து உதறினார். கச்சானை அரிதட்டில் ஒதுக்கிவிட்டு, சூடு ஆறாத மணலை அகப்பையால் சாக்குக்குள் அள்ளத் தொடங்கினார். அடியில் ஒட்டியதையும் விரலால் வழித்துப் போட்டார்.

"எல்லாத்தையும் எடுங்க தம்பி. இன்னும் வேணுமெண்டாலும் நான் வறுத்துத் தாறன். பழக்கித் தாறன், எவ்வளவு காலம் எண்டாலும். காசு ஒண்டும் வேணாம்." குனிந்தபடியே பேசினார். "நீங்க சேரிட்டச் சொல்லுங்க. நான் சொன்னன் எண்டு சொல்லுங்க. தங்கச்சிய ஒருக்கா யோசிக்கச் சொல்லுங்க. எந்த வேலையெண்டாலும் செய்வா. கூட்டித் துடைக்கிற வேலையெண்டாலும்."

"சொல்லுறன் அண்ணை," என்றான் கஜீபன். அவன் தொலைபேசியைப் பார்த்தான்.

இன்ஷிராவுக்கு அங்கிருந்து எழும்பிப் போகவேண்டும் போலிருந்தது. சேர் யோசிக்கப்போவதில்லை. கஜீபன் சொல்லவும் போவதில்லை. காக்கா இனி ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு மணல் பழக்குவார்; ஒவ்வொரு மாதமும் இதே வார்த்தையைச் சொல்லுவார்; அவர்கள் ஒவ்வொரு மாதமும் சொல்லுறன் என்று சொல்லுவார்கள். அது எல்லாம் இப்போதே நடந்து முடிந்ததுபோல அவளுக்குத் தெரிந்தது.

சாக்கு நிறைந்துவிட்டது. கஜீபன் ஒரு காதைப் பிடித்து இழுத்தான், அசையவில்லை. இல்மனைற் பாரம் கூடிய மணல். காக்காவுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. கலீலுர் றஹ்மான் குனியப் போனபோது இன்ஷிரா எழும்பி, கடதாசித் துண்டுகள் பறக்காமல் அவற்றின்மேல் தராசுப் படியை வைத்துவிட்டு, சாக்கின் மற்றக் காதைப் பிடித்தாள். மணல் சுட்டது. இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியின் பின்னிருக்கையில் வைத்தார்கள். கஜீபன் கையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனான். வழியில் சரிந்து கொட்டிவிடும் என்று அவள் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.